ஆயுத பூஜையன்று நின்றுபோன தொட்டி

இதைப் படிக்கின்ற நீங்கள் ஒரு சாட்சி. ‘நடுவர் அவர்களே’ என்று விளிக்கத்தான் என் நாக்கு பழகியிருக்கிறது. பள்ளிப் பருவம் தொட்டு நடுவரை வணங்கி, எதிரணியை வணங்கி, அவையை வணங்கிய பிறகே எனக்குப் பேச்சு பிறக்கும். ஆனால் நடுவர் என்றால் இறுதியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இங்கே தீர்ப்புக்கு வேலையில்லை. ஒரகடத்தில், ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கேண்டீனில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். அன்று அந்த மேசைகளைச் சுற்றி நின்றவர்களில் பலர் ஒப்பந்தம் முடிந்து தெற்கே ஊர் திரும்பிவிட்டார்கள். சிலர் இதே சாலையில் வேறொரு கம்பெனியின் சீருடைக்குள் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் முகங்கள் அப்படித்தான் மாறும். கேட்டவர்கள் கலைந்துவிட்ட பேச்சுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதால் உங்களை அழைக்கிறேன்.

நான் மண்ணூர்க்காரன். இதே சாலையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் படிப்பவன். பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கேடயங்கள் எங்கள் வீட்டு அலமாரியில் இடம் போதாமல் பீரோவின் தலைமேல் ஏறியிருக்கின்றன. இதைத் தன்னடக்கமின்றிச் சொல்கிறேன். ஏனெனில் ஆராய்ச்சிக் குழுவுக்குள் நான் நுழைந்தது மதிப்பெண்ணால் அல்ல, வாயால். எங்கள் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் அக்கா, ‘பேசத் தெரிஞ்ச பய ஒருத்தன் வேணும்’ என்று வகுப்பில் வந்து கேட்டார். அத்தனை விரல்களும் என்னை நோக்கி நீண்டன.

அக்கா தாமிரபரணிக் கரையின் வாழைத் தோட்ட ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். அவருடைய ஆய்வு வாழைத்தண்டிலிருந்து எரிபொருள் எடுப்பது. தார் வெட்டிய பிறகு வாழைமரம் யாருக்கும் வேண்டாததாகிவிடுகிறது. ஆனால் அதன் நார் முழுவதும், அக்கா சொல்வதுபோல, ‘பூட்டி வச்ச சர்க்கர’. அந்தப் பூட்டைக் காரநீரில் ஊறவைத்துத் தளர்த்த வேண்டும். பிறகு என்சைம் சேர்த்து, ஐம்பது டிகிரிச் சூட்டில் ஓயாமல் கிளறிக்கொண்டே இருந்தால் நார் கரைந்து சர்க்கரை வெளியே வரும். அதில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, காய்ச்சி வடித்தால் எத்தனால். அடுப்பில் எரியும், எஞ்சினிலும் எரியும். நிலத்தடியில் தோண்டாமல், தின்னும் தானியத்தைப் பறிக்காமல், எறிந்த பொருளிலிருந்து வரும் நெருப்பு என்று நான் மேடைக்காக ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தேன். அதைக் கேட்டு அக்கா சிரித்தார். ‘நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இன்னும் வரலியே’ என்றார்.

எங்கள் வட்டாரத்தில் வாழைத் தோட்டம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். தோட்டம் இல்லை, ஒரு நாள் இருக்கிறது. ஆயுத பூஜை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை கம்பெனி வாசல்கள் உண்டோ அத்தனை வாசலிலும் தாரோடு இரண்டு வாழைமரம் நிற்கும். லாரிகளின் முகத்தில், பேருந்துகளின் பக்கக் கண்ணாடியில், ஃபோர்க்லிஃப்டின் இரும்புக் கரங்களில் வாழைக்கன்று. பூஜை முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் அவிழ்த்துச் சாலையோரம் எறிவார்கள். வந்த முதல் ஆண்டில் அதைப் பேருந்திலிருந்து பார்த்த அக்கா, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பி வந்தாராம். ‘எங்கூர்ல புயலடிச்சாத்தான் இம்புட்டு வாழ சாஞ்சு கெடக்கும்’ என்று சொன்னார்.

ஆகவே ஒரு விஜயதசமிக்கு, வாடகை டிராக்டரோடு, வாசல் வாசலாக நானும் அக்காவும் ஏறி இறங்கினோம். முதல் வாசலிலேயே காவலர் மறித்தார்.

‘இன்னாபா அது?’

‘வாழைமரம் ஐயா. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக எடுத்துச் செல்கிறோம்.’

‘கேட் பாஸ் கீதா?’

‘வாழைமரத்துக்கா?’

‘உள்ளேர்ந்து ஒரு போல்ட்டு வெளிய போனாலும் பாஸ் வேணும். இது அம்மாம் பெருசு கீது.’ அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்கச் சிக்கல் பெரிதாயிற்று. ‘ஆனா ஒண்ணு, உள்ள வந்தப்ப இதுக்கு என்ட்ரி போடலயே. என்ட்ரி இல்லாத சரக்குக்கு பாஸ் எப்டி குடுப்பான்? கணக்குப்படி இது உள்ளயே வர்ல. அப்பறம் வெளிய எப்டி போவும்?’

என் பயிற்சிக்கு இதைவிட நல்ல களம் கிடைக்குமா? நேற்றுத் தெய்வத்தின் முன் நின்ற மரம் இன்று குப்பையில் கிடப்பது தகுமா என்று தொடங்கி, நாட்டின் எரிபொருள் தேவைவரை ஏற்ற இறக்கத்தோடு பேசினேன். அவர் கைகட்டிக் கேட்டார். முடித்ததும், ‘நல்லா பேசற தம்பி. எந்தக் கட்சி?’ என்றார். பாஸ் மட்டும் கிடைக்கவில்லை. அதற்குள் ஒரு பசு நிதானமாக வாசலுக்குள் நுழைந்து, சாய்ந்து கிடந்த மரத்தின் குருத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு வெளியே நடந்தது.

அக்கா அதைக் காட்டிக் கேட்டார்: ‘அதுகிட்ட பாஸ் கேட்டியளா?’

காவலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தடுப்புக் கம்பியை உயர்த்தினார். அன்று பேச்சு தோற்று மாடு வென்றதாக அக்கா பிறகு பல பேரிடம் சொன்னார். நான் மறுக்கவில்லை; ஆனால் மற்ற வாசல்களில் மரம் வாங்கித் தந்தது என் பேச்சுதான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சேர்த்த தண்டுகளை வெட்டி, சாறு பிழிந்து, காயவைத்து, தூளாக்கி மூட்டை கட்டினோம். இனி தேவைப்பட்டது இடம். ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகள்தான் உண்டு. குடுவையில் நடப்பது பெரிய தொட்டியில் நடக்குமா என்பதே அக்காவின் ஆய்வு முழுவதும். அந்தத் தொட்டியைச் செய்யப் பல்கலைக்கழகம் உதவியது. வைக்க இடமும் மின்சாரமும் தந்தது நான் முதலில் சொன்ன உதிரிபாகத் தொழிற்சாலை. கேண்டீனுக்குப் பின்னால் பழைய பேக்கிங் பொருள்கள் கிடந்த தகர ஷெட் அது. தொழிற்சாலையின் மேலாளர் சுருக்கமான மனிதர். ‘ஒரு வருஷம் வெச்சுக்குங்க. அதுக்குள்ள எங்க கேண்டீன் அடுப்பு ஒருநாள் உங்க எரிபொருள்ல எரியட்டும். எரிஞ்சா மேல பேசலாம். இல்லன்னா எனக்கு அந்த இடம் வேணும், புது லைன் வருது’ என்றார்.

அக்காவுக்கு அந்த ஷெட்தான் எல்லாமும். அது போனால் தொட்டி போகும். தொட்டி போனால் ஐந்தாண்டு ஆய்வு குடுவைக்குள் திரும்பி முடங்கும். முனைவர் பட்டம் ஒருவேளை கிடைக்கலாம்; ஆனால் எதற்காக வந்தாரோ அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

அந்த ஆண்டு முழுவதும் சின்னச் சின்னச் சோதனை ஓட்டங்கள். ஒருமுறை கார அளவு மிகுந்தது. ஒருமுறை ஈஸ்ட் விழிக்கவே இல்லை. மேடையில் பேசுகிறவனுக்குக் கைதட்டல் உடனே வந்துவிடுகிறது. இங்கே ஒரு கேள்வியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, அதன்பிறகும் வரும் பதில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே இருந்தது. அந்த ‘இல்லை’யை அக்கா ஏமாற்றத்தோடு அல்ல, ஒரு தகவலாக வாங்கிக்கொள்வதைப் பார்த்து எனக்குச் சில சமயம் எரிச்சல்கூட வரும். எதிரணியின் வாதத்தை ஒப்புக்கொள்கிறவன் பேச்சாளனா என்று நினைப்பேன்.

கடைசிப் பெரிய ஓட்டத்துக்கு வேண்டிய என்சைம் வடக்கேயிருந்து தாமதமாக வந்து சேர்ந்தது. மிச்சமிருந்த தூள் அத்தனையையும் தொட்டியில் கொட்டி, சூடேற்றி, கிளறும் மோட்டாரை ஓடவிட்டபோது ஆயுத பூஜை நெருங்கிவிட்டிருந்தது. கேண்டீன் அடுப்பை எரித்துக் காட்டும் நாள் அதற்கடுத்த வாரம் என்று மேலாளர் குறித்துவிட்டார். சர்க்கரை நன்றாக ஏறி வந்தது. அக்கா முதன்முறையாக என்னிடம், ‘பேச்சாளரே, அந்த வாக்கியத்த தூசி தட்டி வையுங்க’ என்றார்.

பூஜையன்று காலை நானும் ஷெட்டில் இருந்தேன். தொழிற்சாலையின் தொழிலாளர்கள் தங்கள் இயந்திரங்களைக் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். தங்கள் விருந்தாளி என்று எங்கள் தொட்டிக்கும் ஒரு மாலை கொண்டுவந்தார்கள். அக்கா தொட்டிக்குப் பொட்டு வைத்தார், புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டருக்கும் வைத்தார், ஒரு பொட்டு என் நெற்றிக்கும் வந்தது. ‘இன்னிக்கி எதையும் தொடக் கூடாது. அது பாட்டுக்கு ஓடட்டும்’ என்று சொல்லிவிட்டு, வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனார். நான் மண்ணூருக்கு அருகே ஒரு பட்டிமன்ற மேடைக்குப் போனேன். ஆயுத பூஜையன்று மேடை ஏறுவது எங்களுக்குத் திருவிழாவில் தேர் இழுப்பது போன்றது. ஆண்டில் பேச்சாளனை ஊர் அண்ணாந்து பார்க்கும் நாள் அது. அன்று என் அணி வென்றது. பொன்னாடை போர்த்திய அமைப்பாளர், ‘அடுத்த வருசம் நீதான்யா அணித் தலைவர்’ என்று ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்.

மறுநாள் காலை நான் ஷெட்டுக்குள் நுழைந்தபோது கிளறும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒலியில் மாற்றமில்லை. வாசனையில்தான் மாற்றம். பழங்கஞ்சியை மூடி மறந்துவிட்டால் எப்படியோ அப்படி. அக்கா மாதிரி எடுக்கும் குழாயைத் திறந்து, புளிப்பைக் காட்டும் காகிதத்தை நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறத்தைப் பார்த்தார். கவிழ்த்திருந்த டிரம்மின்மேல் உட்கார்ந்தார்.

‘புளிச்சிட்டு’ என்றார். ‘ஒரு ராத்திரி முழுக்க நின்னுருக்கு. இப்பதான் ஓடத் தொடங்கியிருக்கு. சூடு எறங்குனா கண்ட கிருமியும் சர்க்கரைய தின்னு புளிப்பாக்கிரும்.’

ஓடுகிற தொட்டி எப்படி நிற்கும்? விடை பொரிப் பொட்டலத்தோடு வந்தது. எங்கள் ஷெட்டுக்கு மின்கம்பி இழுத்துத் தந்த இளைஞன், ராமநாதபுரத்திலிருந்து வந்து ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், சிரித்தபடியே உள்ளே வந்தான்.

‘அக்கா, பூசப் பொரி. உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்.’

‘நேத்து மெயின் சுவிட்ச எப்பய்யா எறக்குனிய?’

‘பூச முடிஞ்சதும்க்கா. வருசா வருசம் அப்புடித்தானே. போர்டுக்குச் சூடம் காட்டி மெயின எறக்கிருவோம். காலைல எலுமிச்சங்கா நசுக்கி ஏத்துவோம். கேட் லைட்டும் தீயணைப்புப் பம்பும் மட்டும்தான்…’ அவன் தொட்டியைப் பார்த்தான். அந்தத் தொட்டிக்கு வரும் கம்பியைப் பார்த்தான். பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டான். ‘அய்யய்யோ. நாந்தானக்கா அந்த போர்டுலேர்ந்து இழுத்தேன்.’

‘நீ என்னய்யா செய்வ? நானும்தான் இதுக்குப் பொட்டு வச்சுட்டுக் கோயிலுக்குப் போனேன். ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கணும்னு எனக்குத் தெரியும். இதுவும் ஆயுதந்தான்னு பொட்டு வச்சதும் நான்தான். அப்பம் இதுக்கும் ஓய்வு வரும்னு எனக்குத் தோணலியே.’

அதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வேறு நாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தால் ‘நாளைக்கு இங்கே என்ன நடக்கும்?’ என்று நிச்சயமாகக் கேட்டிருப்பார். அவருக்குத் தெரியாது, ஆகையால் கேட்பார். எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் காரணம். எங்களுக்கு மூலப்பொருள் தந்த அதே நாள், அதே வழக்கம், அதே பக்தி. அதன் கொடுக்கும் கையை மட்டும் கண்டோம்.

மீண்டும் தொடங்கத் தூள் இல்லை. வாசல்களில் அன்றைக்கு அவிழ்த்த புதுத் தண்டுகள் குவிந்து கிடந்தன; ஆனால் வெட்டிக் காயவைக்க வெயில் வேண்டும், வானமோ வடகிழக்குப் பருவமழைக்கு இருட்டத் தொடங்கிவிட்டது. இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று அக்கா புளிப்பைத் தணித்து, ஈஸ்ட் போட்டு, ஆனமட்டும் காய்ச்சி வடித்தார். கிடைத்தது கொஞ்சம். அதிலும் தண்ணீர்ப் பங்கு அதிகம்.

காட்சி நாளுக்கு முன்தினம், தொழிற்சாலையின் சூப்பர்வைசர் ஒருவர் ஷெட்டுக்கு வந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர், தொடக்கம் முதலே எங்களுக்கு உதவியவர். என்னைத் தனியே அழைத்தார்.

‘தம்பி, கரண்ட் கட்டுனு சொல்ட்டு போப்பா. ஊரு ஒலகமே சொல்ற பொய்யி. ஒருத்தனும் கோச்சுக்க மாட்டான்.’

‘அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார் ஐயா.’

‘அப்போ ஒண்ணு செய். வெளிய ஒரு பாட்டில் ஸ்பிரிட்டு வாங்கி ஊத்திடு. எரியறது எரியும். நெருப்புல இன்னா வாழமரம்னு எழுதியா கீது?’

அக்கா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ‘எழுதியிருக்காதுண்ணே. ஆனா எனக்குத் தெரியும்லா’ என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். ‘நாளைக்கி நீங்கதான் பேசணும் தம்பி. அலங்காரம் வேண்டாம். நடந்தது, நடந்த வரிசையில. அந்த கரண்டு பையன் பேரு மட்டும் வர வேண்டாம்.’

அவையோரே என்று தொடங்கி, வாழையடி வாழையாக என்று வளர்ந்து, நீலச் சுடர் என்று முடியும் உரை ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. அதில் எதை வைத்துக்கொள்வது என்று அன்று மாலை முழுக்கப் பார்த்தேன். ‘வணக்கம்’ மட்டும் எஞ்சியது.

காட்சி ஷிஃப்ட் மாறும் வேளையில் நடந்தது. போகிறவர்களும் வருகிறவர்களும் கேண்டீனில் கூடிவிட்டார்கள். மேலாளர் முன்வரிசையில் நின்றார். எங்கள் பேராசிரியர் அவர் பக்கத்தில். நாங்கள் வடித்ததை ஊற்றிய திரி அடுப்பின்மேல் தேநீர்ச் சட்டி ஏறியது. அக்கா தீக்குச்சியைக் கிழித்தார். நீலச் சுடர் வந்தது. நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. ‘ஆ’ என்று ஒரு குரல் எழுந்தது. பிறகு சுடர் படபடத்தது, இருமியது, தண்ணீரின் ஓசையோடு அணைந்தது. சட்டியின் அடிகூடச் சுடவில்லை. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். ‘டீ ரெடியா அக்கா?’ என்று ஒரு குரல். சிரிப்பு.

நான் முன்னே வந்தேன். வாதத்தில் வெல்லும் வழி எனக்குத் தெரியும்: நம் பக்கத்தின் ஓட்டையை எதிராளி காணுமுன் வேறு பக்கம் கை காட்ட வேண்டும். அன்று ஓட்டையைத்தான் முதலில் காட்ட வேண்டியிருந்தது.

‘வணக்கம். இது எரியவில்லை. காரணம், தொட்டி ஓர் இரவு முழுக்க நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம், ஆயுத பூஜைக்கு மெயின் இறக்கப்பட்டது. அந்தத் தொட்டிக்கு நாங்களும் பொட்டு வைத்துக் கும்பிட்டோம். மெயின் இறங்கும் என்று எங்களுக்குத் தெரியும். இது ஓடவேண்டியது என்றும் எங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யாரும் நினைக்கவில்லை.’

அவ்வளவுதான். கூட்டத்தில் எலக்ட்ரீஷியன் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இறக்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்து கும்பிட்டு இறக்கியது அது. கைதட்டல் இல்லை. கைதட்டல் இல்லாத பேச்சுக்குப் பிறகு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு ஓர் இளைஞன் கேட்டான்: ‘அக்கா, இந்தத் துளி சரக்குக்கு அந்தத் தொட்டி எவ்ளோ கரண்டு துன்னுச்சு?’

சிரிப்பினூடே அக்கா பதில் சொன்னார்: ‘இன்னிக்கி நெலமைக்கு, குடுத்த சூடு கூடுதல், கெடச்ச சூடு கொறவு. அதான் உண்ம. நிறுத்தி நிறுத்தித் தொடங்குதது எல்லாம் வீண். நிக்காம ஓடுச்சுன்னா ஒரு பக்கம் வார சூட்ட மறுபக்கம் திருப்பி எடுக்கலாம். அதுக்குத்தான் இன்னும் ஒரு வருசம் கேக்கேன். ஒரு நாளும் நிக்காம.’

மேலாளர் நிமிர்ந்தார். ‘ஒரு நாளும் நிக்காமன்னா, ஆயுத பூஜைக்கும் நிக்காது. சரியா?’

‘ஆமா சார்.’

‘இந்த பிளான்ட் தொடங்கின நாள்லேர்ந்து அன்னிக்கு மெயின் இறங்கும். அத நான் மாத்த மாட்டேன். அது இவங்களோட வழக்கம்.’ அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். ‘நீங்க சொல்லுங்க. அந்த ஒரு மெஷின் மட்டும் அன்னிக்கு ஓடலாமா?’

சாட்சியே, நான் எத்தனையோ மேடைகளில் தலைப்புக் கொடுத்துப் பேசவைத்த வாதங்களைக் கேட்டிருக்கிறேன். தலைப்பும் தலைவரும் இல்லாமல் எழுந்த அந்த வாதத்துக்கு அவை ஈடாகா.

‘ஓடக் கூடாதுபா’ என்றார் லைனில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவர். ‘வருசத்துல ஒரு நாளு. மிஷினுக்கு ரெஸ்ட்டு. அதுக்கும் OT குடுத்தா அப்பறம் இன்னா பூஜ?’

‘தீயணைப்புப் பம்பு மட்டும் ஆன்ல இருக்கே அண்ணாச்சி?’ என்றான் ஒரு தென்மாவட்டத்து இளைஞன்.

‘அது எங்க ஓடுது? சும்மா நிக்குது. தீ வந்தாத்தான் ஓடும்.’

‘அப்ப ஆசுபத்திரியில?’

‘டேய், இது ஆசுபத்திரியா? ஷாக் அப்சார்பர் கம்பெனி!’

பரிமாறும் இடத்திலிருந்து கேண்டீன் சமையல்கார அம்மா கரண்டியோடு குரல் கொடுத்தார்: ‘நா கூடத்தான் முந்தின நாளு ராத்திரி மாவு அரைச்சு வெக்கிறேன். பூஜ அன்னிக்கி அது புளிக்காம சும்மா கெடக்குதா? மறுநாளு அந்த இட்லிய துன்னுட்டுத்தானே மெயின தூக்குறீங்க?’

‘அக்கா, உன் இட்லிக்கு மெயினே தேவையில்ல, அதுவே கல்லு!’

கேண்டீன் அதிர்ந்தது. அந்த அம்மா கரண்டியை ஓங்கினார். சிரிப்பு அடங்கியதும், முதலில் மறுத்த உள்ளூர்க்காரரே மெதுவாகச் சொன்னார்: ‘மெயினு எறங்கட்டும். சூடம் காட்டணும், எறக்கணும். அதுல மாத்தமில்ல. ஜெனரேட்டர்லேர்ந்து அந்த ஷெட்டுக்குத் தனியா ஒரு ஒயரு இழுங்க. அது காலேஜ் மிஷினு. நம்ம மிஷினு ரெஸ்ட் எடுக்கும். அது அவுங்க பாடு.’

தலைகள் அசைந்தன. ஷெட் கிடைத்துவிட்டது என்று அக்காவைப் பார்த்தேன். அவர் இன்னும் மேலாளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது சரி.

‘ஒயர் சரி’ என்றார் மேலாளர். ‘ஆனா அன்னிக்கு பிளான்ட் காலி. ஹீட்டர் ஓடுற ஷெட்ட ஆள் இல்லாம பூட்டிட்டுப் போக முடியாது. தீ பிடிச்சா? பூஜையில தொடங்கி மறுநாள் மெயின் ஏத்துற வரைக்கும் அங்க ஆள் வேணும்.’

‘நான் இருக்கேன் சார்’ என்றார் அக்கா.

‘தனியா விட மாட்டேன். ரெண்டு பேர். ஒருத்தர் கண் அசந்தா இன்னொருத்தர். எங்க தொழிலாளி யாரையும் அன்னிக்கு உட்கார வைக்கவும் மாட்டேன், அது அவங்க லீவு. காலேஜ்லேர்ந்து ரெண்டு பேரு இருப்பாங்கன்னா ஷெட்டு ஒரு வருஷம் உங்களுக்கு. இல்லன்னா இந்த மாசத்தோட காலி பண்ணிக்குங்க.’

எலக்ட்ரீஷியன் வாயைத் திறந்தான். மேலாளர் தலையசைத்து மறுத்தார், அவனும் தொழிலாளிதான். பேராசிரியர், துறையில் யாரையாவது ஏற்பாடு செய்கிறேன் என்றார். ‘யாரையாவதுன்னா எனக்கு வேணாம் சார். இப்ப, இங்க, யாருன்னு சொல்லுங்க’ என்றார் மேலாளர்.

பூஜை விடுமுறையில் யார் இருப்பார்கள்? விடுதி காலியாகும். ஆய்வு மாணவர்கள் ஊருக்கு ரயில் பிடிப்பார்கள். உள்ளூர்க்காரன் நான் ஒருவன். எனக்கும் அன்று ஒரு மேடை இருந்தது; ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்ட தலைமை இருந்தது. அதைக் கைவிட்டால் அமைப்பாளர் மறுமுறை அழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். பேச்சு உலகில் காலி நாற்காலி ஒரு நொடிகூடக் காலியாக இருப்பதில்லை. அக்காவுக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது கேட்பதாகிவிடும். அவர் கைக்குட்டையால் அடுப்பின் திரியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லாதபோதும்.

தொண்டையைச் செருமினேன். அவையை வணங்கக் கை தானாக எழுந்தது. யாரோ, ‘தம்பி, மறுபடியும் புக்கு மாரி ஆரம்பிக்காதபா!’ என்று கத்தினார். மீண்டும் சிரிப்பு. எழுந்த கையை இறக்கினேன். எங்கள் வீட்டில் பேசுவதுபோலவே, ஆனால் கேண்டீனின் கடைசி மேசைவரை கேட்கும் குரலில் சொன்னேன்:

‘சார், ரெண்டாவது ஆளு நான். அடுத்த ஆயுத பூஜ அன்னிக்கி எந்த மேடையிலயும் ஏற மாட்டேன். மெயினு எறங்குனதுலேர்ந்து மறுநாளு எலுமிச்சம்பழம் நசுக்குற வரைக்கும் அந்தத் தொட்டிகிட்ட ஒக்காந்துகினு இருப்பேன். அது நின்னா, நின்னுச்சுன்னு இதே எடத்துல வந்து சொல்வேன். ஓடுச்சுன்னா, மொத டீ நானே போட்டு உங்க எல்லாருக்கும் ஊத்துவேன்.’